அதிகம் ஓடாத கால்

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வெங்காயம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு வெறும் ரொட்டியில் சாசேஜை வைத்துக் கொடுத்தேன். யாரும் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர் ஃபுட்டி க்ளப்பின் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஹாமிஷைப் பார்க்க என் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

முந்தின நாள், சனிக்கிழமை ஆட்டத்தில் அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். தனியாக இருப்பவன் என்பதால் நான் அழைத்து வந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து நண்பர்கள்.

கட்டின் மேல் எழுதுவது எங்கள் வழக்கம். ஃபுட்டியில் கோல்கீப்பரே கிடையாது; அப்படியும் கோல் அடிக்கத் தெரியாத டாஸாதான் தொடங்கினான்: 'கால் விற்பனைக்கு. ஒரே ஓனர். அதிகம் ஓடாதது.'

"உன்னைவிட உன்னைத் தூக்கிட்டுப் போன ஸ்ட்ரெச்சர் வேகமா ஓடிச்சுடா" என்றான் இன்னொருவன்.

ஹாமிஷ் சிரித்தான். "எழுதுங்கடா. பெர்த்துக்குப் போனா எவன் எனக்கு எழுதப் போறான்?"

சீசன் முடிந்ததும் அவன் நாட்டின் மறுகோடியில், பெர்த் பக்கம் சுரங்க வேலைக்குப் போவதாக இருந்தான். எல்லோருக்கும் சொல்லிவிட்டுக் கடைசியாக என்னிடம் சொன்னான்.

எனக்கு அப்படி வேடிக்கையாக எழுத வராது. அதனால் அவன் கால்விரல் நகங்களுக்கு க்ளப்பின் கருநீலத்தைப் பூசினேன். தடிமனாக, இரண்டு முறை. அன்றைக்குப் பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

க்ளப்பில் அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்வது நான். ஒருவன் ஆடலாமா, வெளியே போக வேண்டுமா என்று நான் சொன்னால் கோச்கூட மறுக்க மாட்டார். ஊரும் அப்படித்தான். மாவுக்கட்டு இறுகினால் நகம் நீலம் பாயும். அது எனக்குத் தெரியும்.

சாயங்காலம், "கிளின்ட், ரொம்ப இறுக்குதுடா. உள்ள எரியுது" என்றான் ஹாமிஷ்.

பேனாவை எடுத்துக் கட்டின் மேல் பெரிய எழுத்தில் 'அழுமூஞ்சி' என்று எழுதினேன். எங்கள் க்ளப்பில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. அதற்குப் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். விடியும்போது வலி நின்றுவிட்டது, விரல்கள் இருப்பதே தெரியவில்லை என்றான். நல்லது, தூங்கு என்று மாத்திரை கொடுத்தேன்.

காலையில் ஊர் நர்ஸ் மேரியன் வந்தாள். அவள் வருமுன் அந்த விரல்கள் மேல் வெந்நீர்ப் பை வைத்திருந்தேன். குளிர்காலம் அல்லவா.

தொட்டுப் பார்த்தாள். "கதகதப்பாத்தான் இருக்கு. இதென்ன கூத்து, நகமே தெரியலையே?"

"பசங்க விளையாட்டு."

"விரல் நுனியை அமுக்கிப் பாத்தியா?"

"பாத்தேன். உடனே ரத்தம் ஓடிச் சிவந்துச்சு."

"எழுப்பட்டுமா?"

"இப்பதான் கண்ணசந்தான்."

"நீ பாத்தா சரி" என்று போய்விட்டாள்.

மறுநாள் கட்டுக்குள்ளிருந்து வாடை வந்தது. அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

இந்த விசாரணை முடியும்வரை மேரியனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அது தேவையில்லை. அவள் என்னை நம்பினாள், அவ்வளவுதான். செய்தது நான். தெரிந்தே செய்தேன். ஆனால் காலை எடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அவன் பயணம் கொஞ்சம் தள்ளிப்போனால் போதும் என்று இருந்தேன்.

இப்போது என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான். குளிப்பாட்டுகிறேன், சமைத்துப் போடுகிறேன். பெர்த் பற்றிப் பேசுவதே இல்லை. நிம்மதியாக இருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன்.

வெளியே காரில் உட்கார்ந்திருக்கிறான். எனக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறான். நான் இறங்கிக் கார்க் கதவைச் சாத்தப் போனபோது சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த நர்ஸை விடாதடா. நீ மட்டும் இல்லேன்னா நான் என்னடா ஆயிருப்பேன்?"