ஜமக்காளமும் துணியே என்று தீர்ப்பெழுதிய கந்தப்பனாருக்கு

கணவாய்க் காற்று தவழும் பாலக்காட்டு மண்ணின் பண்பாளரே! பணிவும் துணிவும் ஒருங்கே பெற்ற விற்பனை வரி அதிகாரி, திருமிகு கந்தப்பனார் அவர்களே! விடைபெறும் இவ்வேளையில் தங்கள் கதையைத் தங்கள் முன்னிலையிலேயே சொல்லப்போகிறோம், அடக்கத்தால் தடுத்துவிடாதீர்கள்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று. எலப்புள்ளி நெசவாளர் சங்கத்தின் பருத்தி ஜமக்காளத்துக்கு வரி உண்டா என்ற கேள்வி கந்தப்பனாரின் மேசைக்கு வந்தது. கைத்தறித் துணிக்கு விலக்கு உண்டு; தரைவிரிப்புக்கு இல்லை. ஜமக்காளம் தரையில் விரிப்பதுதானே என்றது மேலிடம். வரி விழுந்தால் பாதித் தறிகள் நின்றுபோகும். சங்கத்துக்காகப் பேச வந்தவர் நெசவாளி மருதாத்தாள்.

"நாங்க இல்லாதவங்க, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க."

"இல்லாமைக்கு விலக்குக் குடுக்க எனக்கு அதிகாரமில்லீங்க. துணிக்குத்தான் உண்டு. இது எப்படித் துணின்னு சொல்லுங்க, கேக்கறேன்."

அம்மையாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏனுங்க, தறியில நெய்யாமெ இதென்ன தென்னையிலயா காச்சுது? கல்யாணத்துல விரிச்சா விரிப்புங்க. மார்கழிக் குளிருல ஊட்ல எல்லாரும் இதையேதானுங்க போத்திக்கறோம்!"

வாய்விட்டுச் சிரித்த கந்தப்பனார், மறுநாளே எலப்புள்ளிக்குப் போய், பாவு பூட்டியதிலிருந்து கரை முடித்தது வரை தறியருகே நின்று பார்த்தார். பிறகு எழுதினார்: "விரித்தால் விரிப்பு, போர்த்தினால் போர்வை, நெய்யும்போது துணி. நெல் காயப்போட்டதால் வேட்டி பாயாகிவிடாது. விலக்கு உண்டு."

மேலிடம் சினந்தது. உத்தரவைத் தாமே திருத்திவிடச் சொன்னது. அவர் மறுத்தார். அவரது உத்தரவை ரத்துசெய்து வரியை விதித்தார்கள். அவரையோ ஏலக்காட்டுச் சாந்தன்பாறைக்கு மாற்றினார்கள்.

மலைக்குளிர் அவருடைய துணைவியார் பழனாத்தாளின் நெஞ்சில் இறங்கியது. இருமல் கேட்கும்போதெல்லாம் கந்தப்பனாரின் உறுதி ஆட்டம் கண்டது. "என் உத்தரவு தப்புன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா கீழே போயிரலாம்," என்றார் ஒருநாள்.

"எனக்காவ ஒண்ணும் மாத்தி எழுத வேண்டாமுங்க," என்றார் அம்மையார். "இன்னொரு கம்பிளி வாங்கிக் குடுங்க, போதும்."

இரண்டாண்டு கழித்து, சங்கத்தின் மேல்முறையீட்டில் தீர்ப்பாயம் கந்தப்பனாரின் உத்தரவையே நிலைநாட்டியது. தறிகள் ஓடின, அவரும் பாலக்காட்டுக்கே திரும்பினார். எலப்புள்ளியார் மேளதாளத்தோடு மாலை கொண்டுவந்தார்கள். அதை வாசலிலேயே திருப்பியனுப்பிய பெருமகனார் இவர்!

சென்ற ஆண்டு அதே சங்கம் ஓட்டல்களுக்காக, அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடி செய்யத் தொடங்கியது. இதற்கும் விலக்குக் கேட்டு மருதாத்தாளே வந்தார். மிதியடியைப் புரட்டி, அடியில் ஒட்டிய ரப்பரைத் தடவிப் பார்த்த கந்தப்பனார், "இதுக்கு வரி உண்டுங்க," என்றார்.

அம்மையார் திகைத்தார். "அன்னைக்கு எங்க பக்கம் நின்னீங்களே!"

"அன்னைக்கும் உங்க பக்கம் நிக்கலீங்க. துணி பக்கந்தான் நின்னேன்."

முகம் வாடி எழுந்த மருதாத்தாள், படிவரை போய்த் திரும்பிவந்து, இரு கை கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று அந்த அறையில் இருந்து நாங்களே கண்டது இது.

நேர்மையின் நிலைக்களனே! பழனாத்தாள் அம்மையாரோடு இருமலின்றி, இடர்களின்றி, இன்பம் குன்றாது நெடிது வாழ்க!

தங்கள் பிரிவால் வாடும்,
அலுவலகத் தோழர்கள்
பாலக்காடு, 1978