வலப்பக்கத் தட்டு

உங்கள் மேசைமேல் இருக்கும் படத்தைப் பார்த்தேன், ஷெரிஃப். நல்ல மீன்தான். ஆனால் உங்கள் படகோரத்தில் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் ஈயக்குண்டும் கம்பியும்தான் தெரிகின்றன, டைவர் தட்டு ஒன்றுகூட இல்லை. மிஷிகன் ஏரியில் சால்மனுக்குப் போகிறவர் குண்டை மட்டும் நம்பினால் பாதி நாள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். குண்டு நேர்கீழே போகும், ஆழம் துல்லியமாகத் தெரியும், எல்லாம் சரி. படகுச் சத்தத்துக்கு மிரண்டு ஒதுங்கிய மீனை என்ன செய்வீர்கள்?

அதற்குத்தான் டைவர். சாஸர் அளவுத் தட்டு, ஒரு பக்கம் மட்டும் கனம். படகு இழுக்க இழுக்கத் தண்ணீரே அதை அமுக்கிக் கீழே கொண்டுபோய்விடும். அதன் அடியிலுள்ள தகட்டை வலப்பக்கம் திருப்பி வைத்தால் தூண்டில் படகைவிட்டு வலப்பக்கம் விலகி ஓடும், இடப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம். மீன் கவ்வி வெடுக்கென்று இழுத்தால் தட்டு பிடியை விட்டு மேலே மிதந்து வரும். எவ்வளவு இழுத்தால் விட வேண்டும் என்பதற்கு ஒரு திருகு இருக்கிறது. வாங்கும்போது பெரிய தட்டாக வாங்குங்கள், ஆனால் திருகை மட்டும் இறுக்கிவிடாதீர்கள். இதெல்லாம் என் கணவர் டூவேன் சொல்லித் தந்தது.

லேலண்ட் ஜாண்ட்ரின் செத்ததை விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். டூவேனுக்கும் அந்த வார்த்தையைத்தான் எழுதினீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்போது டூவேன் கேப்டன், லேலண்ட் அவருடைய கையாள். மே மாதம். ஏரித் தண்ணீர் கையை வைத்தால் கடிக்கும். சிக்கிய தட்டை விடுவிக்கக் குனிந்த டூவேன் உள்ளே விழுந்துவிட்டார். லேலண்ட் கரைக்குக் கொண்டுவந்தது என் கணவரின் உடலையும் ஒரு ராட்சத சால்மனையும். மீனைப் பாடம் செய்து மதுக்கடைச் சுவரில் மாட்டினார்கள். நான் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போனால் அது என் தலைக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிராந்தி ஏறிய குரலில் லேலண்ட் யாரிடமோ சொன்னான்: "கையில தூண்டி ராடு இருந்துச்சுப்பா. ஆயுசுல ஒரு தரம் மாட்டுற மீனு. டூவேன் நல்லா நீந்துவான்னு நெனச்சேன்." நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மீதியைக் கேட்க நிற்கவில்லை. கேட்டது போதும்.

அடுத்த வாரமே, இப்போது கேப்டனாகிவிட்ட அவனிடம் கையாளாகச் சேர்ந்தேன். ஊரே என் பெரிய மனதை மெச்சியது. எதற்குச் சேர்ந்தேன் என்று எனக்கல்லவா தெரியும். ஒரு கோடைக்காலம் முழுக்க அவன் தூண்டில்களை ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தேன். வீல் பிடிக்கிறவன் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கையாள் எப்படி வைக்கிறாளோ அப்படித்தான் ஓடும்.

மறுபடி மே வந்தது. வாடிக்கையாளர்களை ஏற்றும் முன் படகை ஓட்டிப் பார்க்கிற நாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும். வலப்பக்கத் தட்டை இடப்பக்கம் திருப்பி வைத்தேன். திருகையும் இறுக்கினேன். அது படகுக்கு அடியில் புகுந்து குண்டுக் கம்பியைச் சுற்றிக்கொண்டது.

"ஏம்மா மார்லிஸ், கண்ணப் பொடதியிலயா வச்சிருக்க? தட்டு கம்பியில பின்னிக் கெடக்கு பாரு."

"வயசாகுது கேப்டன்."

"ஒனக்கா? என்னையப் பொதச்சுட்டு நீ இன்னொரு கல்யாணம் கட்டுவ. நகரு, நானே எடுக்கிறேன். வீலப் பிடி."

லைஃப் ஜாக்கெட்டை அவன் குஷனாகத்தான் வைத்திருந்தான். இடுப்புவரை வெளியே தொங்கிக்கொண்டு கம்பியை எட்டிப் பிடித்தான். நான் வேகத்தை ஒரே தள்ளாகக் கூட்டினேன். காற்று இல்லை, அலை இல்லை. நான்தான். அவன் தண்ணீரில் விழுந்தது உறுதியானதும் பழைய வேகத்துக்கே கொண்டுவந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது இடப்பக்க ராடு வளைந்து துடித்துக்கொண்டிருந்தது. அது என் ஏற்பாடு இல்லை. ஆனால் டூவேன் தண்ணீரில் கிடந்தபோது லேலண்டுக்கு மீன்தான் முக்கியமாக இருந்தது. எனக்கும் அப்படியே இருக்கட்டும் என்று ராடைக் கையில் எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

பின்னாலிருந்து கத்தினான். "அன்னைக்கு ராட கீழ போட்டுட்டேன் மார்லிஸ்... டூவேனுக்குக் கயிறு போட்டேன்... ரெண்டு தரம் போட்டேன்... அவன் கை வெறச்சிருச்சு, பிடிக்க முடியல..."

தெளிவாகக் காதில் விழுந்தது. மதுக்கடையில் அன்று கடைசிவரை இருந்தவர்களும் அவன் இதைத்தான் சொல்லி அழுதான் என்கிறார்கள் என்று சொல்கிறீர்கள். குடித்தவன் அழுவான். தண்ணீரில் கிடக்கிறவன் வாய்க்கு வந்ததைச் சொல்வான். அதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதில்லை.

மீன் பக்கத்தில் வரும்போது அவன் சத்தம் அடங்கியிருந்தது. பார்த்தால் கைநீளம்கூட இல்லாத டிரவுட் குஞ்சு. தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமலே கொக்கியைக் கழற்றினேன். களைத்துப்போயிருந்தது, விட்டால் மல்லாந்துவிடும். அதனால் வாலைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, அது மூச்சுப் பிடித்து உதறிக்கொண்டு போகிறவரை கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தேன். விரல்கள் மரத்து வலியில் உயிர் போனது. இருந்தாலும் எடுக்கவில்லை. கண்ணெதிரே ஓர் உயிர் சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகாது.