வண்டிக்குப் பின்னால் நின்றவள்

சாயங்காலம் நாலு மணி. நவம்பர் மாசம். தீவுல இருக்கிற ஹாலிஸ் கப்பல் துறைக்கு வடக்க, மரம் வெட்டுறவங்க ஒரு காலத்துல போட்ட சரளைக்கல் ரோடு. நாலு மணிக்கே இருட்டிப்போச்சு. மழை... எதிர்ல ஒரு வண்டி கிடையாது.

கர்ட்டிஸ், கம்பளிய முழுசா நீயே சுருட்டிக்காத. பக்கத்துல இருக்கிறவளும் மனுஷிதான். பயமா இருந்தா இப்பவே இந்த மேல்தளத்த விட்டு எந்திரிச்சு உள்ள போயிடு. பாதியில போனா நான் விட மாட்டேன். விடியற வரைக்கும் இந்தக் கப்பல் எங்கயும் நிக்காது.

இது நான் பார்த்ததில்ல. எங்கூட மீன் ஃபேக்டரில வேலை பார்க்கிறாளே டாக்னி, அவ அண்ணனுக்கு நடந்தது. பேரு ஆர்ரின். பொண்டாட்டி வெர்னா. ரிட்டயர் ஆனதும் வீட்டை வித்துட்டு ஒரு பழைய கேரவன் வாங்கினாங்க. கப்பல்ல ஏத்துறது, ஏதாவது ஒரு ஊர்ல இறக்குறது, அங்க பத்து நாள் மழைய வேடிக்கை பார்க்கிறது, மறுபடி கப்பல். அதான் பொழப்பு.

ஆர்ரினுக்கு ரிவர்ஸ் எடுக்க வராது. அவ்வளவு நீள வண்டி, பின்னால ஒண்ணும் தெரியாது. அதனால வெர்னா வாக்கி டாக்கிய எடுத்துக்கிட்டு இறங்கிப் பின்னால நிப்பா. இன்னொண்ணு இவன் மடியில. அவ சொல்லச் சொல்ல இவன் வருவான். சொல்றதுன்னா... திட்டுறது. "யோவ், கண்ணு பொடனியிலயா இருக்கு? லெஃப்ட்ல ஒடி! உன் லெஃப்ட் இல்லய்யா, என் லெஃப்ட்!" அந்தத் திட்டுதான் அவனுக்குக் கண்ணாடி. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ அவனைப் பாராட்டி யாரும் கேட்டதில்ல. ஆனா அவன் சளியில கிடந்தப்போ ராத்திரி பூரா முழிச்சிருந்தவளும் அவதான்.

மறுநாள் காலையில ஹாலிஸ்லேருந்து கப்பல். அதுவரைக்கும் வண்டிய நிறுத்திப் படுக்க இடம் வேணும். ரோடு கடல்கிட்ட முடியிற இடத்துல வெட்டின மரத்தை அடுக்கி வைக்கிற பழைய மரக்கூப்பு ஒண்ணு, ஆளில்லாம கிடந்துச்சு. சமதளம் கொஞ்சம்தான். பக்கத்துலயே படகு இறக்குற சிமெண்ட் சரிவு. பாசி பிடிச்சு, நேரா தண்ணிக்குள்ள போகுது.

வெர்னா மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு டார்ச்சோட இறங்கினா. கதவு திறந்தப்போ ஒரு வாடை உள்ள வந்துச்சாம். கடல் உள்வாங்கின சேத்து வாடை... அதோட, ரொம்ப நாள் பூட்டி வச்ச அலமாரி வாடை. கடல்கிட்ட எப்படி அந்த வாடை வரும்னு ஆர்ரின் நினைச்சான். சாத்திட்டான்.

மேல மழை இரைச்சல். வைப்பர் கீச்... கீச்... மடியில வாக்கி டாக்கி க்ர்ர்ருன்னுச்சு.

"வாய்யா... வா... ஒடி, ஒடி... எருமைக்குக் கூட ரெண்டு தடவை சொன்னா புரியும்... நேராக்கு..."

இவன் சிரிச்சுக்கிட்டே வந்தான். அப்புறம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. வெறும் க்ர்ர்ர்...

"வா ராசா."

வெர்னா குரல்தான்.

"இடம் நிறைய இருக்கு... வா... மெதுவா வா..."

வந்தான். டயருக்கு அடியில சரளை நறநறன்னு அரைபட்டுக்கிட்டே இருந்துச்சே, அது நின்னுபோச்சு. வழுவழுன்னு இறங்குது. சளப்புன்னு ஒரு சத்தம். குட்டையா இருக்கும்னு நினைச்சான்.

"அழகா வர்ற ராசா. உன்ன மாதிரி யாரும் ஓட்ட முடியாது."

பிரேக்கை ஏறி மிதிச்சான்.

ஏன்னு டாக்னி கேட்டதுக்கு, "அவ என்னைப் புகழ்ந்தாளே"ன்னான். சிரிக்காத கர்ட்டிஸ்.

இறங்கி ஓடினான். பின் சக்கரம் ரெண்டும் தண்ணிக்குள்ள. அவ டார்ச் தண்ணிக்கு அடியில எரிஞ்சுக்கிட்டு கிடக்கு. வெர்னாவைக் காணோம். முட்டளவு தண்ணியில நின்னு கத்தினான்... பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினான். தொண்டை கட்டிப்போச்சு.

இருட்டுக்குள்ளேருந்து அவ வந்தா. மார் வரைக்கும் தண்ணி... அப்புறம் இடுப்பு... அப்புறம் முட்டி. நிதானமா நடந்து ஏறி வந்தா. சிரிச்சா.

"வழுக்கிட்டேன். ஒண்ணுமில்ல ராசா."

நம்ம பக்கத்து ஐஸ் தண்ணியில விழுந்தவன் பல்லு எப்படித் தந்தியடிக்கும்னு உங்களுக்குத் தெரியும். அவளுக்கு நடுக்கமே இல்ல. ஆர்ரின் அதெல்லாம் யோசிக்கல. போன உசுரு திரும்பி வந்துடுச்சு, வேற என்ன வேணும்? கட்டிப்பிடிச்சு அழுதான். அப்பத்தான் அந்த அலமாரி வாடை மறுபடி அடிச்சுச்சாம்.

ராத்திரி அவ ஈரத்துணியோடவே படுத்தா. காலையில காபி பிரமாதம்னா. வண்டிய கப்பல்ல ஏத்தினப்போ, "என்னமா ஏத்துற!"ன்னா. சாவு கிட்ட போய்ட்டு வந்தா மனுஷங்க மாறுவாங்கன்னு இவன் தன்னைத் தேத்திக்கிட்டான்.

கப்பல் கிளம்புச்சு. ரெண்டு பேரும் மேல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாங்க. அவ கையைக் கட்டிக்கிட்டு அவனையே பார்த்துக்கிட்டிருந்தா. கோட்டுப் பையில என்னமோ உறுத்துச்சு. அவனோட வாக்கி டாக்கி. கை பழக்கத்துல திருகிட்டான்.

க்ர்ர்ர்...

"...நிறுத்துய்யா! பின்னால நான் நிக்கிறேன்... தண்ணியில நிக்கிறேன்... குருடா, நிறுத்து..."

எதிர்ல வெர்னா சிரிச்சுக்கிட்டு இருக்கா. வாய் அசையல.

"...ஆர்ரின்... எங்கய்யா போற? என்னை விட்டுட்டு எங்க போற? திரும்பி வாய்யா... குளுருது..."

கப்பல் போகப் போக அந்தக் குரல் தேஞ்சுக்கிட்டே வருது. தீவு மழைக்குள்ள மறையுது. ஆர்ரின் எந்திரிச்சுட்டான். மாலுமிகிட்ட ஓடணும், கப்பலைத் திருப்பச் சொல்லணும்... கால் ஒரு எட்டு வச்சுட்டுது.

எதிர்ல இருந்தவ கையை நீட்டினா.

"ஒரே இரைச்சல். எங்கிட்ட குடு ராசா."

குடுத்துட்டான்.

கர்ட்டிஸ், நீ கேட்கிற அதே கேள்வியத்தான் டாக்னியும் கேட்டா. "அது அண்ணி குரல்னு தெரிஞ்சும் ஏன்டா குடுத்த?"

ஃபோன்லதான் கேட்டா. அவன் மெதுவா, பக்கத்துல யாரோ தூங்குற மாதிரி மெதுவா சொன்னானாம். "எங்கிட்ட யாரும் எதையும் அவ்வளவு அன்பா கேட்டதே இல்ல, டாக்னி."