செத்த மாமாவின் கல்யாணச் சாப்பாடு

சிரம்பானிலிருந்து ரந்தாவ் போகும் பஸ். முன் சீட்டில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் இருந்தார்கள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அந்தப் பெண் சொன்னது என் காதில் விழுந்தது.

“செத்துப்போன மாமா கல்யாணத்துல உக்காந்து சாப்பிடுறாருலா.”

“கதை எழுதினவன் மறந்துட்டான் போல.”

“ஹீரோ கடைசி வரைக்கும் ஹீரோயின் அப்பாகிட்ட பேசவே இல்ல. ஒன்ன மாதிரியே.”

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

“கோயில் ஸ்டாப் வருது, எறங்கு. அடுத்த ஸ்டாப்புல எங்கப்பா மோட்டரோட நிப்பாரு.”

“எப்பவும் முன்னாடியே எறங்கி நடக்குறேன். இன்னிக்கு மாட்டேன்.”

“பைத்தியமா? அவருகிட்ட என்ன சொல்லுவ?”

“படம் நல்லா இல்லேன்னு ஆரம்பிக்கிறேன்.”

அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கோயில் ஸ்டாப் போய்விட்டது.

ரந்தாவில் இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். நானும் அங்கேதான் இறங்கினேன். மோட்டர் சைக்கிளில் காத்திருந்த அவள் அப்பாவிடம் பையன் நேராகப் போனான்.

“அங்கல், ஒங்க மகளும் நானும் படம் பாத்துட்டு வர்றோம். கல்யாணம் கட்டிக்கலாம்னு இருக்கோம். படம் நல்லா இல்ல.”

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எந்தப் படம்?”

பையன் பெயரைச் சொன்னான்.

“அதை நானும் பாத்தேன்லா. செத்த மாமா எப்படி திரும்பி வந்தாரு? வீட்டுக்கு வந்து வெளக்கமா சொல்லு.”