சாய்வு மாறிய பாறையை நேராக்கிய எபர்ஹார்ட் நேகெலே அவர்களுக்கு

கல்லைக் கணினிக்குள் கசக்கிக் காட்டிய கலைஞரே! பத்து இலட்சம் ஆண்டுகள் பாறை பட்ட பாட்டைப் பத்து மணி நேரத்தில் படமாக ஓட்டிய பண்பாளரே! ஜெர்மனியின் நெக்கர் நதிக்கரை நிலவியலாரின் நெஞ்சம் நிறைந்த எபர்ஹார்ட் நேகெலே ஐயா அவர்களே! வணக்கம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்களோடு இருந்து, இன்று பணி ஓய்வு பெறுகிறீர்கள். ஆல்ப்ஸ் மலையின் அடிவயிற்றில் வெந்து நசுங்கிய கல்லின் படிக மணிகள் எப்படிச் சாய்ந்தன, எப்படி ஒன்றையொன்று விழுங்கி வளர்ந்தன என்று கணினியிலேயே நடத்திக் காட்டும் நிரலை எழுதினீர்கள். அது ஓடி முடியும்வரை நீங்கள் போட்டுத் தந்த காப்பி இருக்கிறதே, அப்பப்பா! அதில் படிகக்கல்லே கரைந்துவிடும்! ஆனாலும் குடித்தோம், வேறு வழி?

உங்கள் குணங்களை வரிசையாக அடுக்க வேண்டிய இடம் இது. நாங்கள் அடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு வாரத்து நடப்பைச் சொல்கிறோம்.

முனைவர் பட்ட மாணவி வீப்கே டியர்க்ஸ் அன்று அழுதழுது முகம் வீங்கியிருந்தாள். வாய்மொழித் தேர்வுக்கு மூன்றே வாரம். அவளுடைய கல்லில் மணிகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. கணினிப் படத்திலோ வலப்பக்கம். நான்கு ஆண்டு உழைப்பு மண்ணாய்ப் போகும் நிலை. "கணக்குலதான் எங்கேயோ கோட்டை விட்டுட்டா" என்று கைவிரித்தவர்கள் யார்? வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், நாங்களேதான்!

நீங்கள் மட்டும் ஒரு பிரெட்சல் ரொட்டிப் பொட்டலத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு மேசைக்கே வந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னீர்கள்:

"வீப்கே, அழாதம்மா. உன் கல்லும் சரி, கணக்கும் சரி. என் புரோகிராம்தான் படத்தை இடம் வலமா மாத்தி வரையுது. கண்ணாடியில பாக்குற மாதிரி சாய்வே மாறிப்போச்சு. பத்தொன்பது வருஷமா இப்படித்தான் வரைஞ்சிருக்கு!"

"அப்போ உங்க பழைய கட்டுரையெல்லாம், ஐயா?" என்றாள் அவள், பயந்துபோய்.

"பதினொண்ணுலயும் தப்புப் படம்தான். இன்னைக்கே எழுதிப் போட்டுடுறேன். சூப் ஆறுது, முதல்ல சாப்பிடு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? உங்கள் பெயருக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறியிருப்பாள். நீங்களோ பதினொரு கட்டுரைகளும் வெளிவந்த இதழ்களுக்கு உங்கள் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினீர்கள். எழுதிவிட்டு, விசிலடித்துக்கொண்டே காப்பி போட வந்தீர்கள். அன்று அது இனித்தது ஐயா, மெய்யாகவே இனித்தது!

வீப்கே தேறினாள். நாளை முதல் உங்கள் அறைக்குக் குடிவருகிறவள் அவள்தான். இதோ, உங்கள் முன் நின்று இம்மடலைப் படித்துக்கொண்டிருப்பவளும் அவளேதான்.

உடல் வலிமையும் உள்ளக் களிப்பும் ஒருநாளும் குன்றாமல், பேரப்பிள்ளைகளுக்கும் கல்லைக் காட்டிக் கதை சொல்லி, நூறு கடந்தும் நலமே வாழ்க! இதைச் சட்டமிட்டுத் தந்திருக்கிறோம். வீட்டில் எந்தச் சுவரில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே மட்டும் வேண்டாம், ஐயா!

இங்ஙனம்,
உங்கள் காப்பியைக் குடித்தும் உயிர் பிழைத்திருக்கும்
நுண்பாறைக் கணிப்புப் பிரிவினர்