மண்டி போட ஓர் ஆள்

மகாபே: திருப்பிச் சொல்லும்மா. எங்க கடைப் பையன் வேலைய விடறான்... அதச் சொல்ல நீ போன் பண்றியா?

தோக்கிவா: ஆமா சார். கிரிதானி சார்பா பேசறேன். வேலைய விடறவங்களுக்குப் பதிலா போன் பண்ணிச் சொல்றதுதான் எங்க தொழில். இன்னையிலருந்து அவர் வரமாட்டார். கடைச் சாவி தபால்ல வரும்.

மகாபே: தூ... அவனுக்கு வாய் இல்லையா?

தோக்கிவா: இருக்கு சார். உங்ககிட்ட அத எப்பத் திறந்தாலும் மூடச் சொல்லிடறீங்களாம்.

மகாபே: கிண்டலா? நான் இங்க மேனேஜர். தினம் காலைல எல்லாரும் வரிசையா நின்னு சாமுராய் தர்மத்தோட ஏழு குணத்தையும் சத்தமாச் சொல்லிட்டுத்தான் வேலையத் தொடறோம். நேர்மை, துணிச்சல், கருணை...

தோக்கிவா: கருணை வரும்போது கடிகாரத்தப் பாப்பீங்களாம்.

மகாபே: அவன் சொன்னானா?... வாசல்ல கவசம் ஒண்ணு நிக்குது, அதயும் சொன்னானா? அதுக்கு வணக்கம் வெச்சிட்டுத்தான் உள்ள வரணும்.

தோக்கிவா: சொன்னார். பிளாஸ்டிக்காம். தூசி தட்டறது அவர் வேலையாம்.

மகாபே: கேளும்மா. அந்தக் காலத்து வீரன் எஜமான் முன்னால நேர்ல வந்து உட்கார்ந்து, குனிஞ்சு, 'போறேன்'னு சொல்லுவான். இப்படி ஒரு பொம்பளய வெச்சு போன்ல...

தோக்கிவா: எஜமான் அவனுக்கு அரிசி அளந்தான் சார். நீங்க காய்ச்சல்ல கெடந்தவர ஞாயித்துக்கிழமை கோல்ஃப் பை தூக்க வரச் சொன்னீங்க.

மகாபே: அதுக்குப் பேரு விசுவாசம்.

தோக்கிவா: பை தூக்கறதுக்குப் பேரு பை தூக்கறதுதான் சார்.

மகாபே: இந்தக் காலத்துப் பசங்களுக்கு முதுகெலும்பே கிடையாது... சரி, தொலையட்டும். நாளைக்கு ஒரு நாள் மட்டும் வந்துட்டுப் போகச் சொல்லு.

தோக்கிவா: முடியாது சார்.

மகாபே: அரை நாள்.

தோக்கிவா: நாளைக்கு என்ன சார்?

மகாபே: ஒண்ணுமில்ல... ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகணும். சும்மா.

தோக்கிவா: சும்மான்னா நீங்களே போகலாமே.

மகாபே: அது அவன் கட்டின ஆர்டர். ஒரு சாவு வீடு. இசோகாய்னு ஒரு குடும்பம். துக்கம் கேட்க வந்து காசு வெச்சவங்களுக்கு நன்றியாத் திருப்பி அனுப்பற தேயிலைப் பெட்டி... நாங்கதான் கட்டி அனுப்பினோம்.

தோக்கிவா: அதுல என்ன?

மகாபே: மேல கட்டற நூலு மாறிப்போச்சு.

தோக்கிவா: எப்படி மாறிச்சு?

மகாபே: கறுப்பு வெள்ளை போகணும்... சிவப்பு வெள்ளை போயிடுச்சு.

தோக்கிவா: கல்யாணத்துக்குக் கட்டற நூலு. சாவு வீட்டுலருந்து.

மகாபே: ஆமா. சொந்தக்காரங்க எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துடுச்சு. இறந்தவரோட சம்சாரம் வெளிய தலைகாட்ட முடியாமக் கெடக்கறாங்களாம். யாராவது போய், நெத்தி தரையில படற மாதிரி மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டுக்கணும். இல்லேன்னா முதலாளி என்ன வீட்டுக்கு அனுப்பிடுவார்.

தோக்கிவா: யாராவதா... சிவப்பு நூல எடுத்தது யாரு சார்?

மகாபே: கிரிதானிதான் கட்டினான்னு சொன்னேனே.

தோக்கிவா: கட்டினது யாருன்னு கேக்கல. எடுக்கச் சொன்னது?

மகாபே: ...கல்யாண ஆர்டர்னு நெனச்சிட்டேன். அவன் வந்து 'சார், இது வந்து...'ன்னு இழுத்தான். மேல இருக்கறவன் சொன்னா மறுபேச்சு பேசறவன் வீரனே இல்லன்னு கத்திட்டேன். அப்புறம் அவன் வாயே திறக்கல.

தோக்கிவா: அப்போ தப்பு உங்களுது, மண்டி அவரோடது.

மகாபே: சண்டையில தலைவன் விழக்கூடாதும்மா. தலைவனுக்காக ஆள் விழறதுதான் முறை.

தோக்கிவா: பெட்டிக்கு நூல் கட்டற கடை சார் அது.

மகாபே: ஒரு நிமிஷம் லைன்ல இரும்மா...

தோக்கிவா: இருக்கீங்களா?

மகாபே: இருக்கேன், மேடம்.

தோக்கிவா: இப்ப மேடமா?

மகாபே: கதவச் சாத்திட்டு வந்தேன். ஒண்ணு கேக்கறேன், வெளிய விடாதீங்க. வேலைய விடறதச் சொல்ல ஆள் தர்றீங்களே... மண்டி போடவும் ஆள் கிடைக்குமா? கொஞ்சம் நரைச்ச முடி, கறுப்புக் கோட்டு... நான்தான் மகாபேன்னு அவரே சொல்லிக்கட்டும்.

தோக்கிவா: உங்க பேர்லயேவா?

மகாபே: அந்த வீட்டுல யாரும் என்னப் பார்த்ததில்ல.

தோக்கிவா: பார்த்ததில்லதான். அங்க நாங்க கிரிதானியத்தான் பார்த்தோம். போன வாரம் யாரும் அனுப்பாமலே வந்து, இறந்துபோன என் தாய்மாமா படத்துக்கு முன்னால மண்டி போட்டு, தப்பு தன்னோடதுன்னு அழுதார். யார் எடுக்கச் சொன்னதுன்னு அத்தையும் நானும் எவ்வளவோ கேட்டோம், வாயே திறக்கல. மனசு கேக்காம நான்தான் எங்க கம்பெனி கார்டக் குடுத்து, வேலைய விடணும்னா கூப்பிடுங்கன்னு சொன்னேன். அவர் சொல்லாதத இப்ப நீங்களே சொல்லிட்டீங்க சார். நாளைக்கு ஆள் அனுப்பாதீங்க... உங்க குரல் எனக்கு இப்பத் தெரியும்.