வெளியே வந்துவிட்ட போன்

கும்மிடிப்பூண்டியில் ரயிலேறிய மூவர் என் எதிரில் உட்கார்ந்தார்கள்: கையில் கட்டுப் போட்ட ஒருவர், அவர் மனைவி, அவர்களைச் சமாதானப்படுத்த வந்த மேஸ்திரி. இரும்பு ஆலையின் கேட்டிலுள்ள மெஷினில் போனைத் தொட்டால்தான் வந்ததும் போனதும் பதிவாகும் என்பது அவர்கள் பேச்சிலேயே புரிந்தது.

"போன் ஆறு மணிக்கே வெளிய வந்துச்சாம், அதனால ஆளும் உள்ள இல்லியாம்!" என்றாள் மனைவி. "அப்ப இவரு கையி எங்க வெந்துச்சு, எங்க ஊட்டு அடுப்புலயா?"

"கத்தாத தங்கச்சி. ஓவர்டைம் காட்டக் கூடாதுன்றான் ஆபீஸ்ல. எல்லார் போனையும் பையில வாங்கினு போய் நான்தான் தொட்டேன். இன்னா பண்றது?"

"அதையே ஆபீஸ்ல வந்து சொல்லு."

"சொன்னா என் வேல பூடும்."

"இவரு கையி போனா பரவாயில்லியா?"

மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "போன எங்கிட்ட குடு. கையி ஆறுற வரிக்கும் தெனம் நானே தொட்டுடறேன். சம்பளம் வந்துகினே இருக்கும்."

"அப்பால கேஸு போட்டா, தெனம் வேலைக்கு வந்தவனுக்கு இன்னா காயம்னு கேப்பான். த்தூ, நீயெல்லாம் ஒரு அண்ணனா!"

படித்தவன் நான். அவள் சொல்வதே சரி என்று சொல்லியிருக்கலாம். பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

பொன்னேரியில் மேஸ்திரி எழுந்தார். கணவர் நல்ல கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"சார்ஜ் கம்மியா கீதுண்ணா," என்றார்.